நாள்பட்ட வலிக்கு டென்ஸ் (தோல் வழியாக நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி): முதல் வாரம் கேட்கிறது, பிறகு கேட்பதில்லை. ஏன்?

#1 படிக்கட்டு

விவரத்தை முதலிலேயே தந்துவிடுகிறேன். முழங்கால் மூட்டுத் தேய்மானம், அறுபதைத் தாண்டியவர். மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது. பேஸ்மேக்கர் இல்லை, சர்க்கரை இல்லை. இரண்டு சேனல் (தனித்தனி ஒயர் ஜோடி) டென்ஸ் கருவி, தோலில் ஒட்டும் 5×5 செ.மீ. ஜெல் பேட் நான்கு. 80 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 80 பல்ஸ்), பல்ஸ் அகலம் 100 மைக்ரோசெகண்ட், காலையும் மாலையும் 20 நிமிடம், உட்கார்ந்தபடி.

முதல் மூன்று நாள் வலி நன்றாக அடங்கியது. அடுத்த வாரம் பாதிதான். இப்போது சுத்தமாக இல்லை. ஹெர்ட்ஸை மாற்றுவதா, நேரத்தைக் கூட்டுவதா, கருவியே போய்விட்டதா? கையேட்டில் பன்னிரண்டு புரோகிராம் போட்டிருக்கிறான். எதை எடுப்பது?

#2 நரம்புமுடிச்சு

எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை நிமிடம் எல்லாம் சொன்னீர்கள். கரண்டை எவ்வளவு ஏற்றி வைத்தீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் அதை விட்டுவிட்டுத்தான் கேட்பார்கள். புரோகிராம் நம்பர் கடைசிக் கவலை. முதல் கவலை கரண்டின் அளவு, அடுத்தது பேட் இருக்கும் நிலை, அதற்கப்புறம் பேட் ஒட்டிய இடம். ஹெர்ட்ஸ் எல்லாம் அதற்கும் பின்னால்.

காரணம் சுருக்கமாக: ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் சொன்ன வாயில் கோட்பாடுதான் இந்தக் கருவிக்கு அடிப்படை. தொடுதலைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தொடர்ந்து சமிக்ஞை அனுப்பினால், தண்டுவடத்தில் வலிச் சமிக்ஞைக்கான வாயில் குறுகுகிறது. இடித்துக்கொண்ட முழங்கையை நாமே தேய்த்துவிடுகிறோமே, அதே வேலை. ஆனால் போதுமான எண்ணிக்கையில் இழைகள் கிளம்ப வேண்டும். கரண்ட் குறைவென்றால் தோலுக்கு அடியில் இருக்கும் சிலது மட்டும் கிளம்பும். வாயிலில் அதற்கு மதிப்பில்லை.

எவ்வளவில் வைத்தீர்கள், சொல்லுங்கள்.

#3 படிக்கட்டு

12-இல். முதல் நாளிலிருந்து அதேதான். லேசாகக் குறுகுறுக்கும், ஐந்து நிமிடத்தில் அதுவும் தெரியாமல் போய்விடும். தெரியாமல் போனால் நரம்பு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தோம்.

#4 நரம்புமுடிச்சு

ஏற்றுக்கொள்ளவில்லை, பழகிவிட்டது. இங்கே இரண்டு தனித்தனிப் பழக்கம் கலந்து கிடக்கிறது.

ஒன்று, ஒரே அமர்வுக்குள் வருவது. ஒரே சீரான தூண்டலை நரம்பு சில நிமிடத்தில் கண்டுகொள்வதை விட்டுவிடும். குறுகுறுப்பு மங்கியதும் பொத்தானை இன்னும் இரண்டு படி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று நாள் கணக்கில் வருவது. தினமும் அதே ஹெர்ட்ஸ், அதே அளவு என்றால் நாலைந்து நாளிலேயே பலன் குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். டென்ஸ் வாயிலை மூடுவதோடு நிற்பதில்லை, உடலின் சொந்த ஓபியாய்டுகளையும் (மார்ஃபின் போன்ற வலியடக்கிகளையும்) சுரக்க வைக்கிறது. மாத்திரைக்கு உடம்பு பழகுகிற மாதிரியே இதற்கும் பழகுகிறது. உங்கள் மூன்று நாள் கணக்கு அச்சாக அதுதான்.

அளவு வைக்கும் முறை இது. பேட் நான்கும் முழுசாக ஒட்டியபின் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். முதலில் குறுகுறுப்பு வரும், அங்கே நிறுத்தாதீர்கள். விறுவிறுவென்று பலமாகும், அங்கேயும் வேண்டாம். "போதும், இதற்கு மேல் தாங்காது" என்று தோன்றும் புள்ளி வரை போய், அதிலிருந்து ஒரு படியோ இரண்டு படியோ இறக்குங்கள். பலமாக இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப ஏற்றுங்கள். தசை லேசாகத் துடித்தால் பரவாயில்லை. இழுத்துப் பிடித்தால் அதிகம்.

நேரமும் போதாது. 80–100 ஹெர்ட்ஸில் பலன் சீக்கிரம் வரும், அணைத்தால் சீக்கிரம் போகும். 30 முதல் 60 நிமிடம் வையுங்கள், அதுவும் நடக்கும்போது வையுங்கள். இதுதான் பலர் தவறவிடுகிற இடம். மூட்டுத் தேய்மானம் உட்கார்ந்திருக்கும்போது அதிகம் வலிக்காது, எழுந்தால்தான் வலி. இல்லாத வலிக்குச் சிகிச்சை கொடுத்துவிட்டு, வலி வரும் நேரத்தில் பேட்டைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

நாள் கணக்குப் பழக்கத்தைத் தள்ளிப்போட, ஹெர்ட்ஸ் தானாக ஏறி இறங்கும் புரோகிராம் இருந்தால் அதை எடுங்கள். 2–125 என்று போட்டிருக்கும். இல்லாவிட்டால் ஒரு நாள் 100, ஒரு நாள் 4 என்று மாற்றுங்கள். 4 ஹெர்ட்ஸ் வைக்கும்போது பல்ஸ் அகலத்தை 200 மைக்ரோசெகண்டுக்கு மேல் கொண்டுபோங்கள். தசை டக் டக்கென்று கண்ணுக்குத் தெரியத் துடிக்க வேண்டும். இது வேலை செய்யத் தொடங்க இருபது நிமிடமாவது பிடிக்கும், ஆனால் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். அரைமணிக்கு மேல் வேண்டாம். மறுநாள் தசை வலிக்கும், அது மூட்டு வலியோ என்று குழம்பிப்போவீர்கள்.

#5 ஓம்விதி

12 என்பது மில்லியாம்பியர் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் அது வெறும் படி எண். ஒரு கருவியின் 12 இன்னொன்றின் 25-ஆக இருக்கலாம். எண்ணை மறந்துவிட்டு உணர்வைப் பாருங்கள்.

"கருவி கெட்டுவிட்டதா" என்ற கேள்விக்கு: கருவி அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். பேட் எத்தனை தடவை ஒட்டி எடுத்தது? ஜெல் பேட்டின் ஆயுள் சுமார் 20–30 தடவை. தினம் இரண்டு தடவை என்றால் இரண்டு வாரம். உங்கள் பலன் மங்கிய காலமும் பேட் காய்ந்த காலமும் ஒன்றாக வருகிறது, கவனித்தீர்களா?

காய்ந்த பேட் இரண்டு விதமாகக் கெடுக்கும். மலிவான கருவி மின்னழுத்தத்தை மாற்றாமல் வைத்திருக்கும். தடை கூடினால் கரண்ட் குறையும், ஒன்றும் தெரியாது. நல்ல கருவி கரண்டை மாற்றாமல் வைத்திருக்கும். தடை கூடினால் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். அதனிடம் பாதி உரிந்த பேட்டைக் கொடுத்தால் ஒட்டியிருக்கும் மிச்சத்தின் வழியாக மொத்தத்தையும் தள்ளும். சுள்ளென்று ஊசி குத்துகிற மாதிரி ஓரத்தில் எரிந்தால் காரணம் அதுதான்.

கணக்கு போட்டால் விளங்கும். 100 ஹெர்ட்ஸ், 50 மில்லியாம்பியர், பல்ஸ் இருபக்கமும் (ஒரு திசையில், பிறகு எதிர்த்திசையில்) 200 மைக்ரோசெகண்ட் என்று வையுங்கள். ஒரு நொடியில் கரண்ட் ஓடும் நேரம் 400 மைக்ரோசெகண்ட் × 100, அதாவது நொடியில் 4 சதவீதம். 0.04-இன் வர்க்கமூலம் 0.2. ஆர்.எம்.எஸ். கரண்ட், அதாவது விட்டு விட்டு ஓடும் கரண்டுக்குச் சமமான சீரான அளவு, 50 × 0.2 = 10 மில்லியாம்பியர். 25 சதுர செ.மீ. பேட் முழுசாக ஒட்டினால் சதுர சென்டிமீட்டருக்கு 0.4. நரம்பு, தசை தூண்டும் கருவிகளுக்கான ஐ.ஈ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60601-2-10 தரவிதி, சதுர செ.மீ.க்கு 2 மில்லியாம்பியர் ஆர்.எம்.எஸ். தாண்டினால் தனிக் கவனம் தேவை என்கிறது. நாம் ஐந்தில் ஒரு பங்கில்தான் இருக்கிறோம். அதே பேட் உரிந்து 4 சதுர செ.மீ. மட்டும் ஒட்டியிருந்தால் 2.5. எல்லையைத் தாண்டியாயிற்று, பொத்தானைத் தொடாமலே.

ஆகவே பேட்டைக் கத்தரித்துச் சிறிதாக்குவது, ஓரம் உரிந்ததை பிளாஸ்டரால் அமுக்குவது எல்லாம் கூடாது.

ஒட்டும் இடத்தை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். தைலம், எண்ணெய், பவுடர் எதுவும் இருக்கக் கூடாது. வலித்தைலம் தேய்த்த இடத்தின் மேலேயே பேட் ஒட்டுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. ஜெல்லும் பாழ், தோலும் எரியும். முடி இருந்தால் கத்தரியால் வெட்டுங்கள், ரேசர் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறலில் கரண்ட் குவியும். எடுக்கும்போது பேட்டின் ஓரத்தைப் பிடித்து உரியுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். காய்ந்த ஜெல்லில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, அதன் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, மூடும் பையில் வைத்தால் இன்னும் சில தடவை வரும். ஜெல் சாம்பல் நிறமாகி நூல் நூலாக வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒருவர் பேட்டை இன்னொருவர் ஒட்டக் கூடாது.

ஒயரையும் பாருங்கள். உள்ளிழை, செருகும் பின்னுக்கு அருகில்தான் ஒடியும். மல்டிமீட்டரை கன்டினியுட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து இரு முனையையும் பிடித்தபடி பின்னுக்கு அருகில் ஒயரை வளைத்து ஆட்டுங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் ஒயர் போயிற்று. கருவியின் வெளியீட்டை மட்டும் மல்டிமீட்டரில் அளக்க முயலாதீர்கள். இருபக்க பல்ஸின் சராசரி பூஜ்யம், மீட்டர் ஒன்றும் காட்டாது, நல்ல கருவியைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். சரியாகப் பார்ப்பதென்றால் 500 ஓம் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்து, அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். 40 வோல்ட் சிகரம் தெரிந்தால் 80 மில்லியாம்பியர்.

#6 சல்லடை

நுணுக்கமெல்லாம் சரி. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லையே. நாள்பட்ட வலிக்கு இது வேலை செய்கிறதா? பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் இடுப்பு வலிக்கு டென்ஸ் தர வேண்டாம் என்றது. வேறு காரணம் காட்ட முடியாத நாள்பட்ட வலிக்கும் 2021-இல் அதையே சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டியில் பரிந்துரைக்காத பட்டியலில் இதை வைத்தது. அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2012-இலேயே நாள்பட்ட இடுப்பு வலிக்கு இதற்குப் பணம் தருவதை, ஆய்வுகளில் சேர்ந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, நிறுத்திவிட்டது.

#7 நரம்புமுடிச்சு

எல்லாம் உண்மை. நீங்கள் விட்டதையும் சொல்கிறேன். 2022-இல் பிஎம்ஜே ஓப்பன் மருத்துவ இதழில் 381 சோதனைகளைத் தொகுத்தார்கள். போலிக் கருவியோடு (பார்க்க அதே மாதிரி, சிகிச்சைக்கான கரண்ட் தராதது) ஒப்பிட்டால், டென்ஸ் ஓடும்போதும் அணைத்த உடனேயும் வலி குறைகிறது என்பதற்கு மிதமான உறுதியுள்ள சான்று இருக்கிறது என்பது முடிவு. "ஓடும்போதும் அணைத்த உடனேயும்" என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஒரு மாதம் கழித்து வலி எப்படி இருந்தது என்று அளந்தால் ஒன்றும் தெரியாதுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் பார்வையைச் சோதிக்கிற மாதிரி.

பழைய சோதனைகள் பலவற்றில் லேசான குறுகுறுப்பில், கொஞ்ச நேரம், அசையாமல் இருக்கும்போது வைத்திருக்கிறார்கள், மேலே படிக்கட்டு செய்ததைப் போலவே. ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் நாள்பட வலிக்கும் நோய்) உள்ள 301 பெண்களிடம் நடந்து 2020-இல் வெளிவந்த சோதனையில் 2–125 ஹெர்ட்ஸ், 200 மைக்ரோசெகண்ட், தாங்கக்கூடிய உச்ச அளவு, தினம் இரண்டு மணிநேரம், அதுவும் நடமாட்டத்தின்போது என்று வைத்தார்கள். நாலு வாரத்தில் அசையும்போது வரும் வலி, போலிக் கருவி வைத்தவர்களைவிடக் குறைந்தது.

#8 சல்லடை

381 சோதனைகளில் பெரும்பாலானவை சின்னஞ்சிறியவை என்பதை அந்தத் தொகுப்பே சொல்கிறது. அதோடு, உடம்பில் குறுகுறுக்கிறதா இல்லையா என்பது நோயாளிக்கே தெரியும்போது போலிக் கருவி எவ்வளவு நேரம் போலியாகத் தாக்குப்பிடிக்கும்? "அளவு போதவில்லை" என்பது எந்தச் சிகிச்சை தோற்றாலும் சொல்லக்கூடிய பதில். அடங்கும் நேரத்தில் நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் முடிகிறதென்றால் ஒப்புக்கொள்கிறேன். இதையே மருந்தாக நம்பி உட்கார்ந்திருப்பதற்குத்தான் என் ஆட்சேபம்.

#9 நரம்புமுடிச்சு

அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. தேய்ந்த குருத்தெலும்பை இது வளர்க்காது. போலிக் கருவி விஷயத்தில் நீங்கள் சொல்வது பலமான வாதம், அதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது.

#10 மட்டுறுத்துநர்

இந்த விவாதம் நீளுவதற்கு முன் இதைப் போட்டுவிடுகிறேன், இடையில் வந்து படிப்பவர்களுக்காக.

பேஸ்மேக்கர், உடலுக்குள் பொருத்திய டிஃபிப்ரிலேட்டர் உள்ளவர்கள் தம் இதயநோய் மருத்துவர் சொல்லாமல் கருவியைத் தொடக் கூடாது. கழுத்தின் முன்பக்கம் எவருக்கும் கூடாது: அங்கே கரோடிட் தமனியின் அழுத்த உணரி இருக்கிறது, தூண்டினால் ரத்த அழுத்தம் சரியலாம், குரல்வளைத் தசையும் இறுகலாம். ஒரு பேட் நெஞ்சில், ஒன்று முதுகில் என்று மார்பைக் குறுக்காகக் கடக்கும்படி ஒட்டாதீர்கள். கண் மேல், தலைக்குக் குறுக்கே, புண் மேல், ரத்தக்கட்டி அடைத்த கால் மேல், புற்றுக்கட்டி இருக்கும் இடத்தின் மேல் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தலை, கழுத்துப் பக்கம் கூடாது.

உணர்ச்சி மரத்த தோலில் இன்னும் கவனம் வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்தவர் தெரியும் வரை ஏற்றுவார், தெரியவே தெரியாது, தோல் வெந்துவிடும். ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தில் கூரும் மழுங்கலும் வேறுபடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

வண்டி ஓட்டும்போது, தூங்கும்போது, குளிக்கும்போது வேண்டாம். சார்ஜரில் செருகியபடி உடம்பில் மாட்டாதீர்கள். காரணம் கண்டுபிடிக்காத புது வலியை இதைக்கொண்டு மூடாதீர்கள்.

#11 வேப்பங்கிளை

அக்கி வந்து போன இடத்தில் மாதக்கணக்காக எரிச்சல், துணி பட்டாலே துடிக்கிறது. அங்கே பேட் ஒட்ட முடியுமா?

#12 நரம்புமுடிச்சு

அந்த இடத்தின் மேலேயே ஒட்டாதீர்கள். தொட்டாலே வலிக்கும் தோலில் தொடு உணர்வு இழைகளே வலியாக மாறி வேலை செய்கின்றன. அவற்றைத் தூண்டினால் எரிகிற அடுப்பில் விறகு வைத்த மாதிரி. அதே நரம்பின் பாதையில், எரிச்சல் பகுதிக்கு முன்னால், முதுகெலும்புப் பக்கமாக, தோல் சாதாரணமாக உணரும் இடத்தில் இரண்டு பேட்டையும் ஒட்டுங்கள். விலாப்பக்கம் என்றால் முதுகெலும்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி, எலும்பு மேல் படாமல், ஒன்றின் கீழ் ஒன்றாக. குறுகுறுப்பு எரிச்சல் இருக்கும் திசையில் ஓடினால் இடம் சரி. அதுவும் தாங்கவில்லை என்றால் உடம்பின் மறுபக்கம் அதே மட்டத்தில் முயலலாம். இங்கே 80–100 ஹெர்ட்ஸ் மட்டும்.

வலிக்கு மார்ஃபின், டிரமடால் வகை மாத்திரையை நாள்பட எடுப்பவர்களும் 80–100 ஹெர்ட்ஸிலேயே வைக்கலாம். 4 ஹெர்ட்ஸ் வேலை செய்வது அந்த மாத்திரைகள் உட்காரும் அதே மியூ ஏற்பியின் வழியாக, அது ஏற்கெனவே பழகிப்போயிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், பலர் நம்ப மாட்டார்கள்: காபி. 200 மில்லிகிராம் கஃபீன் டென்ஸின் பலனைக் குறைப்பதை 1995-இல் சோதித்துச் சொன்னார்கள். வலியைத் தணிக்க உதவும் அடினோசின் ஏற்பியைக் கஃபீன் அடைத்துவிடுகிறது. காபியைக் குடித்துவிட்டு உடனே கருவியை மாட்டினால் கருவியைக் குறை சொல்லாதீர்கள்.

#13 படிக்கட்டு

புது பேட் போட்டு, நடக்கும்போது, உச்ச அளவுக்குக் கொஞ்சம் கீழே என்று மாற்றிப் பார்க்கிறோம். தேறுகிறதா இல்லையா என்று எப்படிக் கணக்கு வைப்பது? தினமும் "பரவாயில்லை", "அப்படியேதான்" என்றுதான் பதில் வருகிறது. ஒயரில் ஒரு முனை சிவப்பு, ஒரு முனை கறுப்பு, எது எங்கே?

பக்கத்தில் ஒருவர் மைக்ரோகரண்ட் கருவி வாங்கச் சொல்கிறார், குறுகுறுப்பே இருக்காதாம்.

#14 சல்லடை

கணக்கு நான் சொல்கிறேன். "இப்போது வலி எவ்வளவு" என்று கேட்காதீர்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், நொடியைக் குறியுங்கள், எழும்போது வலி பத்துக்கு எத்தனை என்று அப்போதே கேளுங்கள். கருவி இல்லாமல் ஒரு தடவை, மாட்டி இருபது நிமிடம் ஓடியபின் ஒரு தடவை. இரண்டு வாரம் எழுதுங்கள். பத்துக்கு இரண்டு புள்ளியோ முப்பது சதவீதமோ இறங்கினால்தான் பலன் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இறங்காவிட்டால் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

#15 ஓம்விதி

மைக்ரோகரண்ட் வேறு சாமான். ஒரு மில்லியாம்பியருக்கும் கீழே ஓடும், நரம்பிழை கிளம்பும் வாசலையே தொடாது. வாயில் கோட்பாடு அதற்குப் பொருந்தவே பொருந்தாது. அதை விற்பவர்கள் திசு குணமாகிறது என்று வேறு கதை சொல்வார்கள். டென்ஸ் கேட்கவில்லை என்பதால் அதற்குத் தாவுவது, விளக்கு மங்கலாக இருக்கிறது என்று மின்மினியைத் தேடுகிற கதை.

சிவப்பு, கறுப்பு: உங்கள் கருவியின் கையேட்டில் "சமச்சீர் இருபக்க அலை" என்றிருந்தால் எங்கே வேண்டுமானாலும் ஒட்டுங்கள், வித்தியாசமில்லை. "சமச்சீரற்ற" என்றிருந்தால் கறுப்பு எதிர்மின்முனை (மைனஸ்), அதன் அடியில்தான் உணர்வு பலமாக இருக்கும். வலி அதிகமுள்ள பக்கம் கறுப்பை வையுங்கள்.

முழங்காலுக்கு நான்கு பேட்டையும் சில்லைச் சுற்றி நான்கு மூலையில், ஒரு சேனல் மேல் உள்பக்கத்திலிருந்து கீழ் வெளிப்பக்கத்துக்கு, மற்றது மேல் வெளிப்பக்கத்திலிருந்து கீழ் உள்பக்கத்துக்கு. பேட்டுக்குப் பேட்டு இடைவெளி குறைந்தது ஒரு பேட் அகலம். நெருக்கினால் கரண்ட் தோலோடு ஓடிவிடும், மூட்டுப் பக்கம் இறங்காது. சில்லின் மேலேயே ஒட்டாதீர்கள். நடக்கும்போது முழங்கால் மடங்கி பேட் ஓரம் உரியும், அதனால் முழங்காலை லேசாக மடக்கி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள், நீட்டி வைத்து ஒட்டாதீர்கள். நடுவில் ஒரு பேட் கழன்றால் முதலில் பொத்தானைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்கினால் கால் துள்ளும், படியில் நிற்கும்போது அது ஆபத்து.

#16 படிக்கட்டு

மடக்கி ஒட்டுவது கையேட்டில் எங்கேயும் இல்லை. கருவியின் பின்பக்கம் பார்த்தேன், சமச்சீரற்ற அலை என்றுதான் போட்டிருக்கிறது. கறுப்பு இரண்டையும் உள்பக்கம் வைக்கிறோம், வலி அங்கேதான். அப்படி வைத்தால் ஒரு கறுப்பு மேலே, ஒன்று கீழே வருகிறது, அது சரிதானே?

#17 ஓம்விதி

சரிதான். அப்படியே வையுங்கள்.